துடைப்பத்தால் கிடைத்த கடைவீதி

ஜப்பான் என்றதும் நம் கண்முன் வருபவை வானளாவிய கட்டடங்களும் விரைவு ரயில்களுமே. ஆனால் அதன் தலைநகராகிய டோக்கியோவில், அசகுசா என்னும் பகுதியில், சுமார் முந்நூறு ஆண்டுகளாக ஒரு சிறு கடைவீதி வாழ்ந்து வருகிறது. அதன் பெயர் நகமிசே. நீளம் ஏறத்தாழ 250 மீட்டர்தான். இருபுறமும் சுமார் 90 கடைகள். முகப்பில் 'இடி வாயில்' எனப் பொருள்படும் காமினாரிமோன். வீதியைக் கடந்தால் சென்சோஜி என்னும் பழம்பெரும் புத்தர் கோயில்.

இவ்வீதி பிறந்த விதம் சுவையானது. டோக்கியோவுக்கு அந்நாளில் எடோ என்று பெயர். நகரில் மக்கள் பெருகவே, கோயிலுக்கு வருவோரும் பெருகினர். கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் பணி அக்கம்பக்கத்து மக்களுக்கு இடப்பட்டது. அதற்குக் கைம்மாறாக, வழியோரம் கடை போட்டுக்கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. துடைப்பம் பிடித்த கைகளே தராசும் பிடித்தன எனலாம்!

1873இல் கோயில் நிலம் பூங்காவாக்கப்பட்டு அரசின் கைக்குப் போயிற்று. 1885 மே மாதத்தில் கடைக்காரர் அனைவரையும் வெளியேறும்படி அரசு ஆணையிட்டது. பழைய கடைகள் இடிக்கப்பட்டன. டிசம்பருக்குள் மேனாட்டுப் பாணியில் செங்கல் கடைகள் எழுந்தன. பார்வைக்கு அழகுதான். ஆயினும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிப் பெற்ற உரிமை ஓர் ஆணையில் போயிற்றே என்று நம் மனம் வருந்துகிறது.

அந்தச் செங்கல் கடைகளை 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெரும் பூகம்பம் அழித்தது. 1925இல் கான்கிரீட் கடைகள் கட்டப்பட்டன. 1945 மார்ச் 10ஆம் நாள் விமானக் குண்டுவீச்சில் நகரில் பெரும் பரப்பு எரிந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். பூகம்பத்திற்குத் தப்பிய கோயிலும் அன்று சாம்பலாயிற்று. கடைகளின் உட்புறம் எரிந்துபோக, சுவர்கள் மட்டும் நின்றன. வணிகர்கள் அச்சுவர்களுக்குள்ளேயே மீண்டும் கடை விரித்தனர்.

வாயிலின் கதை வேறு. 1865இல் எரிந்த காமினாரிமோன் 95 ஆண்டுகள் இல்லாமலே இருந்தது! மத்சுஷிதா மின்சாதன நிறுவனத்தை நிறுவிய கோனோசுகே மத்சுஷிதா, தம் நோய் நீங்கிய நன்றியாக 1960இல் அதைக் கட்டித் தந்தார். அதில் தொங்கும் சிவப்புக் காகித விளக்கின் எடை சுமார் 700 கிலோ. திருவிழாவில் பல்லக்குகள் நுழையும்போது அதை மடித்து மேலே தூக்கிவிடுவார்களாம்.

இங்கே விற்கும் தின்பண்டங்களில் பெயர் பெற்றது காமினாரி ஒகோஷி. அரிசிப் பொரியைப் பாகில் பிடித்துத் துண்டு போட்டது. நமது பொரி உருண்டைக்கு உறவு என்றே சொல்லத் தோன்றுகிறது.

2017இல் கடைக் கட்டடங்களை டோக்கியோ அரசிடமிருந்து கோயிலே வாங்கிக்கொண்டது. வாடகை பன்மடங்கு உயரும் என்ற செய்தி வணிகர்களைக் கலங்க வைத்தது. பாட்டன் காலத்துக் கடையைக் கைவிட யாருக்கு மனம் வரும்? 2018 முதல் வாடகை உயர்ந்தது. கடைகளோ இன்றும் காலைதோறும் திறக்கப்படுகின்றன.