வெறும் வயிறு என்றால் குளிசையும் வேண்டாமா?

இதய நாடிகளில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அஞ்சியோகிராமுக்குத் திகதி தரும்போது “வெறும் வயிற்றோடு வாங்கோ” என்பார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதைக் குளிசையும் எடுக்கக்கூடாது என்று விளங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். விடிய எடுக்கும் பிரஷர் குளிசையை விட்டு, இரவு முழுக்கப் பயத்தில் நித்திரையுமில்லாமல் போய்ப் படுத்தால், பிரஷரின் மேல் அளவு 180ஐத் தாண்டக்கூடும். அவசரமில்லாத சிகிச்சை என்றால் வைத்தியர் அதைத் தள்ளிப்போடலாம். காத்திருந்து கிடைத்த திகதி கைநழுவிவிடும்.

பெரும்பாலான பிரஷர் குளிசைகளை அன்று காலை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கலாம். லொசார்டன், எனலாப்ரில், சலம் போக வைக்கும் குளிசை ஆகியவற்றைச் சிலருக்கு மட்டும் நிறுத்தச் சொல்வார்கள். அட்டெனொலோல், பிசோப்ரொலோல் எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தினால் பிரஷர் சட்டென ஏறும், நெஞ்சுவலியும் வரலாம். ஆகவே திகதி தரும் நாளிலேயே குளிசைகள் அனைத்தையும் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றாகக் காட்டி, “இதை அன்று காலை எடுக்கவா?” என்று கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். 2022 மருந்துத் தட்டுப்பாட்டிலோ காசு முட்டிலோ குளிசையைப் பாதியாக்கி எடுத்துப் பழகியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். வைத்தியர் அளவைத் தீர்மானிப்பது அதை வைத்துத்தான்.

அஞ்சியோகிராமில் மணிக்கட்டு நாடியிலோ தொடை நாடியிலோ துளையிட்டு, மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்துகிறார்கள். பிரஷர் கூடியிருந்தால் குழாயை எடுத்தபின் இரத்தம் நிற்கத் தாமதமாகும். தொடை வழியில் உள்ளே கசிந்து கட்டியும் விடலாம். மணிக்கட்டு வழியில் இந்த ஆபத்துக் குறைவு. பல வருடப் பிரஷர் சிறுநீரகத்தையும் பழுதாக்கியிருக்கலாம். படமெடுக்க ஏற்றும் சாயம் அதற்கு மேலதிகச் சுமை என்பதால்தான் கிரியேட்டினின் பார்க்கிறார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர்களைப் பற்றித்தான். “அடைப்பு எடுத்தாச்சு, இனி ஏன் பிரஷர் குளிசை?” என்று கேட்கிறார்கள். ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. பிரஷர் மற்ற நாடிகளைத் தொடர்ந்து கெடுக்கும். அத்தோடு இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினும் குளோப்பிடோகிரலும் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். அவற்றை எடுக்கும்போது பிரஷர் உயர்ந்தே இருந்தால் மூளையில் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும். அதற்குப் பயந்து அவற்றை நிறுத்தினாலோ ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பெரும்பாலானோருக்கு இலக்கு 130/80க்குக் கீழ். மூட்டுவலிக்கு பார்மசியில் டைக்குளோபெனாக் கேட்டு வாங்குவதை விடுங்கள். அது பிரஷரை ஏற்றும்.

சம்மதப் பத்திரம் விளங்காத மொழியில் இருந்தால் அவசரப்பட்டுக் கையொப்பமிடாதீர்கள். அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை 1988இன் 16ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே உறுதிசெய்திருக்கிறது. தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலை வைத்தியசாலையிலும் அது செல்லும். எந்த வழியால் செய்வார்கள், எத்தனை ஸ்டென்ட், மருந்தால் மட்டும் சமாளிக்கலாமா என்று தமிழில் கேளுங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தனியார் வைத்தியசாலை மீதான முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தும் சபையிடமும், வைத்தியரின் நடத்தை பற்றியதை இலங்கை மருத்துவ சபையிடமும் எழுத்தில் கொடுங்கள். செலவு மலைக்க வைத்தால், சிகிச்சைக்கு முன்பே ஜனாதிபதி நிதியத்தின் உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் துளையிட்ட இடம் வீங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ படுத்துக்கொள்ளுங்கள்; அந்த இடத்தை ஒருவர் விடாமல் அழுத்திப் பிடிக்க, மற்றவர் 1990ஐ அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.