லேசாகத் தொட்டாலே விமானம் துள்ளுகிறதா? ஜாய்ஸ்டிக் சென்சிட்டிவிட்டியைச் சரிசெய்வது எப்படி?

ஓடுபாதை நேரே தெரிகிறது. வேகம் 65 நாட்ஸ், உயரமும் சரி. ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்சம் பின்னால் இழுக்கிறீர்கள், செஸ்னாவின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. பதறிப்போய் முன்னால் தள்ளினால் தரையைப் பார்க்கிறது. மேலே, கீழே, மறுபடி மேலே... அப்புறம் கிராஷ்.

"நமக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்று கேமை மூடுவதற்கு முன்பும், இதைவிட விலை கூடிய ஜாய்ஸ்டிக்கை ஆர்டர் போடுவதற்கு முன்பும் சென்சிட்டிவிட்டி பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பல நேரம் கோளாறு உங்கள் கையில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

நிஜ விமானத்துக்கே நடந்தது

இந்தத் துள்ளலுக்கு 'பைலட் இண்டியூஸ்டு ஆசிலேஷன்' என்று பெயர். விமானி செய்யும் திருத்தமே அடுத்த தவறை உண்டாக்கி, ஆட்டம் கூடிக்கொண்டே போவதுதான் இது.

1974 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், எஃப்-16 போர் விமானத்தின் முன்மாதிரியான ஒய்எஃப்-16-ஐ ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். அன்று பறக்கும் திட்டமே இல்லை. ஆனால் விமானம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது, வால் பகுதி தரையில் உரசியது. தரையில் வைத்துச் சமாளிப்பதைவிட மேலே எழும்புவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்த சோதனை விமானி ஃபில் ஓஸ்ட்ரைக்கர், சில நிமிடங்கள் பறந்து பத்திரமாக இறங்கினார். பக்கவாட்டுக் கட்டுப்பாட்டின் சென்சிட்டிவிட்டி அளவுக்கு மீறி இருந்தது ஒரு முக்கியக் காரணம். அதைக் குறைத்த பிறகு, பிப்ரவரி 2-ல் அதிகாரபூர்வ முதல் பயணம் நடந்தது.

தேர்ந்த விமானிக்கே இந்த நிலை என்றால், நம் மேஜை ஜாய்ஸ்டிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிஜ செஸ்னா 172-ல் யோக் நீண்ட தூரம் நகரும். வேகம் கூடக்கூட அது கையில் கனக்கும். மேஜை ஜாய்ஸ்டிக் சில சென்டிமீட்டர்தான் நகரும், ஸ்பிரிங்கின் இறுக்கமும் எல்லா வேகத்திலும் ஒன்றுதான். விரல் அளவு அசைவு விமானத்துக்குப் பெரிய கட்டளையாகப் போய்ச் சேர்கிறது.

வளைவு என்ன செய்கிறது?

மாற்றமில்லாத செட்டிங்கில் கோடு நேராக இருக்கும். குச்சியை 20% நகர்த்தினால் விமானத்துக்கும் 20% போகும். கோட்டை வளைத்தால் நடுப்பகுதி மென்மையாகும். உதாரணத்துக்கு, ஒரு மிதமான வளைவில் அதே 20% அசைவு ஏறக்குறைய 12% ஆகக் குறையும்.

ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. கடைசியில் 100% வந்துதானே ஆக வேண்டும்? அதனால் நடுவில் குறைத்தது ஓரத்தில் வந்து சேரும். அதே வளைவில் குச்சியின் கடைசி 20% அசைவு, 31% அளவுக்கு வேலை செய்யும். வளைவை அதிகமாக்கினால், தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க இழுப்பீர்கள், ஒன்றும் நடக்காது. இன்னும் இழுத்தால் திடீரெனத் தூக்கும்.

கேமுக்கு கேம் மாறும்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-ல் நடுப்பகுதியை மென்மையாக்க சென்சிட்டிவிட்டியை மைனஸ் பக்கம் நகர்த்த வேண்டும். டிசிஎஸ் வேர்ல்டில் 'ஆக்சிஸ் டியூன்' பக்கத்தில் 'கர்வேச்சர்' எண்ணை பிளஸ் பக்கம் கூட்ட வேண்டும். ஒன்றில் பழகிய எண்ணை இன்னொன்றில் அப்படியே போட்டால் நிலைமை தலைகீழாகிவிடும்.

கூடவே வரும் மற்ற ஸ்லைடர்கள்:

டெட் ஸோன்: நடுவில் எவ்வளவு அசைவைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பது. கையை எடுத்த பிறகும் விமானம் தானாக ஒரு பக்கம் சாய்ந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். 2 அல்லது 3 சதவீதத்தில் தொடங்கலாம்.

ரியாக்டிவிட்டி: மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் உள்ளது. குறைத்தால் அசைவு மென்மையாகத் தெரியும், ஆனால் பதில் தாமதமாகும். தாமதம் துள்ளலைக் கூட்டவும் செய்யும். முதலில் 100-லேயே விடுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

1. விண்டோஸ் தேடலில் 'கேம் கன்ட்ரோலர்' என்று தட்டி, உங்கள் ஜாய்ஸ்டிக்கின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறங்கள். கையை எடுத்ததும் குறி நடுவில் நிற்கிறதா? தொடாமலேயே நடுங்கினால் அது சென்சார் பிரச்சினை. வளைவு அதை முழுசாகச் சரிசெய்யாது. முதலில் கேலிபிரேட் செய்யுங்கள்.

2. காற்றில்லாத வானிலை, செஸ்னா 172, 3,000 அடி உயரம். இரண்டு நிமிடம் 100 அடிக்கு மேல் ஏறாமல் இறங்காமல் ஓட்டிப் பாருங்கள்.

3. துள்ளினால், மூக்கை ஏற்றி இறக்கும் பிட்ச் ஆக்சிஸை மட்டும் மாற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் மைனஸ் 20, டிசிஎஸ்-ல் பிளஸ் 15 நல்ல தொடக்கம். இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கட்டும்.

4. ஐந்து முறை தரையிறக்கிப் பாருங்கள். இன்னும் துள்ளினால் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். மூக்கு மந்தமாக எழுந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். பிட்ச் சரியான பிறகே பக்கவாட்டுச் சாய்வுக்குப் போங்கள். ஒரே நேரத்தில் நாலு ஸ்லைடரை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

ட்ரிம்மை மறக்காதீர்கள்

நேராகப் பறக்கவே குச்சியைத் தொடர்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? அது சென்சிட்டிவிட்டி சிக்கல் இல்லை, ட்ரிம் செய்யவில்லை என்று அர்த்தம். கை எப்போதும் நடுப்புள்ளியை விட்டு விலகியே இருந்தால், நீங்கள் மென்மையாக்கி வைத்த பகுதி பயன்படவே போவதில்லை. ட்ரிம்மை ஜாய்ஸ்டிக்கில் இரண்டு பட்டன்களுக்கு மாற்றி வையுங்கள். ட்ரிம் கொடுக்கும்போதே குச்சியை மெதுவாக நடுவுக்கு விடுங்கள்.

சரியாக வந்த எண்களை மொபைலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். செஸ்னாவுக்குப் பொருந்தியது போர் விமானத்துக்குப் பொருந்தாமல் போகலாம், அப்போது திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.