நம்பர் உங்களுடையதா, கம்பெனியுடையதா?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் பழைய கடை போர்டுகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. 9842 என்று ஆரம்பிக்கும் செல் நம்பர் அடிக்கடி கண்ணில் படும். அது ஏர்செல் நம்பர். சரியாகச் சொன்னால், ஏர்செல் நம்பராகப் பிறந்தது. அந்தக் கம்பெனியின் சிக்னல் 2018லேயே போய்விட்டது. ஆனாலும் அந்த நம்பர்களில் சில இன்றைக்கும் ரிங் போகும். சிலதுக்கு அடித்தால் "உபயோகத்தில் இல்லை" என்று ஒரு குரல் வரும். ஒரே சீரிஸ், ஒரே ஊர். ஒன்று பிழைத்தது, இன்னொன்று செத்தது. எப்படி?

"நம்பர் போனா என்ன, புது சிம் வாங்கிக்கலாம்" என்று சொல்வது ஹாஸ்டல் பசங்களுக்கு ஈஸி. எங்கள் பக்கத்து வியாபாரத்தில் அது நடக்காது. சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரை எடுத்துப் பாருங்க. சாமி படத்துக்குக் கீழே கடைப் பெயர், அதுக்குக் கீழே போன் நம்பர். அந்த அட்டை யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவரில் ஒரு வருஷம் முழுக்கத் தொங்கும். தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி பட்டாசுக் கடைக்காரருக்கு வரும் ஆர்டரில் பாதி, போன வருஷம் வாங்கினவர் போனில் சேவ் பண்ணி வைத்த நம்பருக்குத்தான் வரும். நம்பர் மாறினால் கடையை வேறு தெருவுக்கு மாற்றி, யாரிடமும் சொல்லாமல் விட்ட மாதிரி.

வியாபாரம் இல்லாதவர்களுக்கும் இப்போது இதே கதைதான். பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங், கரண்ட் பில் மெசேஜ், ஆதார், எல்லாம் ஒரே நம்பரில். பைக் ஆர்.சி.யில் பழைய நம்பர் இருந்தால் இ-செலான் வந்ததுகூடத் தெரியாது.

இப்போது 2018க்கு வருவோம். ஏர்செல் 1999இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த கம்பெனி. தொடங்கியவர் சி.சிவசங்கரன். 2006இல் மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. நம்ம மாநிலம்தான் அதன் கோட்டை. பிறகு ஜியோ வந்து விலைப்போர் நடந்தது, கடன் ஏறியது. 2018 ஜனவரி 30ஆம் தேதியோடு குஜராத், மகாராஷ்டிரா, ஹரியானா உள்ளிட்ட 6 வட்டங்களில் ஏர்செல் சேவையை நிறுத்தியது. இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது வேற மாநிலம், நமக்கென்ன என்ற நினைப்பு. மூன்று வாரம்தான். பிப்ரவரி 21, 22 வாக்கில் தமிழ்நாட்டில் சிக்னல் விழுந்தது. டவர் நடத்தும் நிறுவனத்தோடு பாக்கித் தகராறு, டவர்களை அணைத்துவிட்டார்கள். ஏர்செல் அலுவலகங்கள் முன்னால் கூட்டம் கூடியது. பிப்ரவரி 28ஆம் தேதி கம்பெனி திவால் மனு போட்டது.

சிக்னல் போச்சு, சரி. வேற கம்பெனிக்கு போர்ட் பண்ண வேண்டியதுதானே? இந்தியாவில் நம்பர் போர்ட்டபிலிட்டி 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் ஆரம்பித்து, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. வழியும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: PORT என்று டைப் பண்ணி, ஒரு இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ். எட்டு எழுத்தில் யுபிசி என்று ஒரு கோடு வரும். அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுக்கணும்.

சிக்கலே அங்கேதான். அந்த எஸ்எம்எஸ் எதன் வழியாகப் போகும்? நீங்கள் விட்டு ஓட நினைக்கிற அதே நெட்வொர்க் வழியாக. டவர் அணைந்த பிறகு எஸ்எம்எஸ் போகாது, கோடு வராது, கோடு இல்லாமல் போர்ட் ஆகாது. சாவியை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டிய கதை. செமஸ்டர் பேப்பரில் "சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர், உதாரணம் தருக" என்று கேட்டால் தயங்காமல் இதை எழுதலாம்.

போர்ட் ஆவது என்றால் உள்ளே உண்மையில் என்ன நடக்குது என்பதையும் பார்த்துவிடலாம். நம்பர்களைக் கம்பெனிகளுக்குக் கட்டுக்கட்டாக ஒதுக்குவது மத்திய தொலைத்தொடர்புத் துறை. அதனால்தான் முதல் நாலைந்து இலக்கத்தைப் பார்த்தே ஒரு காலத்தில் கம்பெனியைச் சொல்ல முடிந்தது. நம்பருக்குச் சொந்தக்காரர் நீங்களும் இல்லை, கம்பெனியும் இல்லை. அது அரசு ஒதுக்கும் வளம். உங்களுக்கு இருப்பது அதைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை. போர்ட் ஆனதும், நடுவில் இருக்கும் கிளியரிங் ஹவுஸ் தன் டேட்டாபேஸில் "இந்த நம்பர் இனி இந்தக் கம்பெனியில்" என்று ஒரு ரூட்டிங் எண்ணைப் பதிந்து எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்பிவிடும். யாராவது உங்களைக் கூப்பிட்டால், அவருடைய கம்பெனி முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் காலைத் திருப்பும். 9842 போர்டு இன்றைக்கும் வேலை செய்வது இப்படித்தான். பட்டியலில் ஏறாத நம்பருக்கு வரும் கால், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும்.

அந்த வாரங்களில் டிராய் தலையிட்டது. ஏர்செல் வாடிக்கையாளர்களுக்கு யுபிசி கொடுத்தே ஆகவேண்டும், 2018 ஏப்ரல் 15 வரை அது செல்லும் என்று உத்தரவு போட்டது. அப்போதும் நகராமல் விட்டவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குக் கடைசி வாய்ப்பு 2019 அக்டோபர் 31 வரை. அதோடு கதவு மூடியாச்சு. பிழைத்த நம்பருக்கும் செத்த நம்பருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்: யார் கோடு வாங்கினார், யார் வாங்கவில்லை.

2019 டிசம்பர் 16 முதல் விதிகளை மாற்றினார்கள். முன்னே பழைய கம்பெனியே யுபிசி தயாரித்தது. வாடிக்கையாளரை விட மனசில்லாத கம்பெனியிடமே "விடுதலைச் சீட்டு எழுதிக் கொடு" என்று கேட்கிற ஏற்பாடு. இப்போது கிளியரிங் ஹவுஸ்தான் தயாரிக்கிறது. 90 நாள் ஆச்சா, பில் பாக்கி இருக்கா என்பதைக் கம்பெனியிடம் அப்போதே கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் கோடே தரும். ஒரே வட்டத்துக்குள் என்றால் 3 வேலை நாளில் போர்ட் ஆகணும். காரணமில்லாமல் மறுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நல்ல மாற்றம்தான். ஆனால் என் கணக்கில் பாதி மாற்றம். கோடு கேட்கும் எஸ்எம்எஸ் இன்றைக்கும் பழைய நெட்வொர்க் வழியாகத்தான் கிளம்பணும். நாளைக்கு இன்னொரு கம்பெனி ஒரே ராத்திரியில் டவரை அணைத்தால் அதே பூட்டு, அதே சாவி. இன்னொன்று, யுபிசி முன்பு 15 நாள் செல்லும், இப்போது 4 நாள்தான். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் போய் சாயங்காலம் வந்து மெசேஜ் பார்க்கிற ஒருவருக்கு 4 நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆதார் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்குப் போக முடிகிற நாளுக்கு முந்தின நாள் எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்க. சிம் தொலைந்து புது சிம் எடுத்திருந்தால் 7 நாள் பொறுக்கணும். அது 2024 ஜூலை 1 முதல் வந்த விதி, சிம் ஸ்வாப் திருட்டைத் தடுப்பதற்காக.

வீட்டில் அலமாரியில் தூங்கும் ரெண்டாவது சிம்முக்கும் ஒரு வார்த்தை. பிரீபெய்ட் நம்பரில் 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால் கட் பண்ணலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் உயிரோடு வைக்கணும் என்பது டிராய் விதி. கட் ஆன நம்பர் கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்கோ போய்விடும். தாத்தாவின் பென்ஷன் கணக்கு அந்த நம்பரில் இருந்தால், ஓடிபி போய்ச் சேரும் இடம் முன்பின் தெரியாத ஒருவரின் போன். தாத்தா காலத்து 04562 லேண்ட்லைனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, அதைத் தூக்கிக்கொண்டு போகும் வசதியும் கிடையாது; போர்ட்டபிலிட்டி செல்லுக்கு மட்டும்தான்.

கம்பெனி அநியாயமாக இழுத்தடித்தால்? நேராக டிராய்க்கு எழுதுகிறவர்கள் நிறைய. டிராய் தனி ஆள் புகாரை விசாரிக்காது, கம்பெனிக்கே திருப்பி அனுப்பும். முதல் படி 198. பேசுவது முக்கியமில்லை, டாக்கெட் நம்பர் வாங்குவதுதான் முக்கியம். "நோட் பண்ணிட்டோம் சார்" என்பது புகார் ஆகாது. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் அப்பலேட் அதாரிட்டிக்குப் போகலாம்; 39 நாளில் முடிவு சொல்லணும். கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் நடுவர் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பேப்பர் அடுத்த படிக்கு உதவும்.

அடுத்த படி நுகர்வோர் ஆணையம். இதில் பல வருஷம் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, போன் தகராறை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனிகள் அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. அதை உடைத்தது அகமதாபாத் வோடஃபோன் வாடிக்கையாளர் ஒருவர் போட்ட வழக்கு. மாத வாடகை 249 ரூபாய். ஒரு மாதம் வந்த பில் 24,609 ரூபாய் 51 காசு. காசு வரைக்கும் கணக்கு! 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், தொலைபேசியும் சேவைதான், நுகர்வோர் ஆணையம் தாராளமாக விசாரிக்கலாம் என்றது. பழைய தகவலைப் பிடித்துக்கொண்டு "போன் கேஸெல்லாம் அங்க எடுக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போடணும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. டாக்கெட் நம்பர், மெசேஜ் ஸ்கிரீன்ஷாட், ரீசார்ஜ் ரசீது, இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினால் கேஸின் முக்கால்வாசி தயார். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். நேரில் போகிறவர்கள் விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட வேண்டாம். நம்ம மாவட்ட ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்.