நகரமும் நடையும் – 9: ஓட்டமும் ஊர்வேலையும்

உடற்பயிற்சிக்காகக் கூட்டமாக ஓடுபவர்கள், போகிற வழியிலோ போய்ச் சேர்ந்த இடத்திலோ ஒரு பொதுவேலையையும் முடித்துவிட்டுத் திரும்புவது கடந்த பதினைந்து ஆண்டுகளில் பல நகரங்களில் வேரூன்றிவிட்டது. ஓடும் பாதையில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவது ஒரு வகை. ஓடிப்போய் வேறொருவருக்கு வேலை செய்துகொடுப்பது இன்னொரு வகை.

முதல் வகையை ‘ப்ளாக்கிங்’ என்கிறார்கள். ஸ்வீடனில் 2016-இல் எரிக் ஆல்ஸ்ட்ரோம் தொடங்கி வைத்தது. 2019 அக்டோபரில் சீன அதிபருடனான சந்திப்புக்காக மாமல்லபுரம் வந்திருந்த பிரதமர் மோடி, காலையில் கடற்கரையில் குப்பை பொறுக்கிய வீடியோ தமிழ்நாட்டில் அதைப் பரவலாக அறியச் செய்தது. குனிந்து நிமிர்வதும் பையைச் சுமப்பதும் சேர்வதால் தொடைக்கும் இடுப்புக்கும் வெறும் ஓட்டத்தைவிடக் கூடுதல் வேலை. முழங்காலை மடக்காமல் முதுகை மட்டும் வளைத்துப் பொறுக்கினால் மறுநாள் இடுப்புவலிதான் மிஞ்சும்.

இரண்டாவது வகைக்கு முன்னோடி, இவோ கோர்ம்லி 2009-இல் லண்டனில் தொடங்கிய ‘குட்ஜிம்’. குழு ஓரிடத்தில் கூடி, சில கிலோமீட்டர் ஓடி, ஒரு தோட்டத்தில் மண் அள்ளியோ உணவு வங்கியில் பொருள்களைப் பிரித்து அடுக்கியோ கொடுத்துவிட்டு, மறுபடி ஓடியே திரும்புகிறது. தனியாக வாழும் முதியவர் ஒருவரை வாராவாரம் ஓடிச்சென்று பார்த்து, சிறிது நேரம் பேசிவிட்டு வருவதும் உண்டு. அந்த முதியவருக்கு அங்கே ‘பயிற்சியாளர்’ என்று பெயர். உடற்பயிற்சி பெரும்பாலும் பாதியில் நிற்பது, போகாவிட்டால் கேட்க ஆள் இல்லாததால். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் மழைநாளிலும் ஷூவை மாட்டியாக வேண்டும். இரு வகையில் இதுவே கெட்டிக்கார ஏற்பாடு.

சென்னையில் இதற்கு நெருங்கிய உதாரணம் சென்னை ட்ரெக்கிங் கிளப். பெல்ஜியத்தைச் சேர்ந்த பீட்டர் வான் கெய்ட் 2008-இல் தொடங்கிய இந்தக் குழு, மலையேற்றத்தோடு ஓட்டம், சைக்கிள், நீச்சல் என்று விரிந்தது. உடலைப் பழக்க வந்த அதே ஆட்களைக் கொண்டு 2010 முதல் கடற்கரையைச் சுத்தம் செய்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நிவாரணத்தில் இறங்கியது. கசப்பான பக்கமும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிளப் சார்பில் சென்றவர்களும் அவர்களில் இருந்தனர். ஆர்வலர்களே நடத்தும் அமைப்பில் அனுமதி, முதலுதவி, பொறுப்பாளர் யார் என்ற கேள்விகளை ஒத்திவைக்க முடியாது என்பது அதன்பின் எல்லாக் குழுக்களுக்கும் உறைத்தது. 2006-இல் உருவான சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்களின் வழி வேறு: மராத்தான் நடத்தி நற்பணிகளுக்கு நிதி திரட்டுவது. அங்கே கால்கள் ஓடுகின்றன, உதவி வங்கிக் கணக்கு வழியாகப் போகிறது.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு வந்தால், ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் முறைக்கு ஏற்ற இடம் ஏரிக்கரைதான். ஆவடி பருத்திப்பட்டு ஏரி, சுமார் 87 ஏக்கர். 2019-இல் சீரமைத்துப் பூங்காவாகத் திறந்தபோது சுற்றிலும் 3 கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதையும் அமைந்தது. இரண்டு சுற்று ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் சாக்குப்பையோடு நடந்தாலே ஒரு காலைக்குப் போதும். கையுறை கட்டாயம், ஊசி, உடைந்த பாட்டில் ஆகியவற்றைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். கோடையில் ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. இவற்றைவிட முக்கியமானது, சேர்த்த குப்பையை ஏற்றிச்செல்ல மாநகராட்சி வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. கட்டிவைத்த மூட்டை இரண்டு நாள் கிடந்தால் நாய்கள் கிழித்துவிடும், அத்தனையும் காற்றோடு திரும்ப ஏரிக்கே போய்ச் சேரும்.

சாக்குப்பையால் ஆகாத வேலையும் இருக்கிறது. அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி ஏரிகள் ஒன்றன் உபரிநீர் மற்றொன்றுக்குப் போகும் சங்கிலி. கொரட்டூர் ஏரியைக் கெடுத்தது கரையில் கிடக்கும் கவர் அல்ல. வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும்தான். அதை எதிர்த்துக் குடியிருப்போர் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஓட்டக்குழு அங்கே செய்யக்கூடியது, வாராவாரம் கரையைச் சுற்றுவதால் கண்ணில் படும் புதிய கழிவுநீர்க் குழாயைத் தேதியோடு படமெடுத்துப் புகாராக அனுப்புவது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், வரத்துக்கால்வாய் வாயில் அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கை அகற்றுவதற்கும் ஆள்பலம் வேண்டும். நீர்வளத் துறையிடம் அனுமதி வாங்கி, ஊழியர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே அந்த வேலையில் இறங்கலாம். கால்வாய்க்குள் நீந்தத் தெரிந்தவர்களும் தனியாக இறங்கக் கூடாது.