டப்பாவில் அடைக்க முடியாத பால்

எருமைப்பால் கொழுப்பு மிகுந்தது. பச்சிளம் குழந்தையின் வயிற்றில் கெட்டியாகத் திரிந்து செரிக்கச் சிரமப்படும். அந்தப் பாலையே பக்குவப்படுத்தி, கொழுப்பைக் குறைத்து, வைட்டமின்கள் சேர்த்துக் குழந்தை உணவாக்கும் முறையை உருவாக்கியது மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. அங்கே பிறந்த முறையைக் கொண்டுதான் குஜராத்தின் அமுல் கூட்டுறவு பால்மாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கு அது பெரிய உதவி.

ஆனால், இன்று எந்த நிறுவனத்தின் பால்மா டப்பாவை எடுத்தாலும், ‘தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது’ என்ற அறிவிப்பு இருந்தாக வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. டப்பாவில் குழந்தைப் படம் போடவும், பால்மாவுக்கு விளம்பரம் செய்யவும் தடை உண்டு.

காரணம், புரதத்தையும் கொழுப்பையும் அளந்து கலக்கலாம். தாயின் நோய் எதிர்ப்பாற்றலைக் கலக்க முடியாது. பிரசவமானதும் சுரக்கும் சீம்பாலைப் பாருங்கள்: மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சில சொட்டுகளே வரும். இதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ புகட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. அந்தச் சொட்டுகளில்தான் குழந்தையின் குடலுக்கு உள்பூச்சாக நின்று கிருமிகளைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்திருக்கின்றன. முதல் நாள் குழந்தையின் சின்னஞ்சிறு வயிற்றுக்கு அந்த அளவே போதும்.

தாய்க்கும் இதில் நன்மை உண்டு. குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்து உதிரப்போக்கைக் குறைக்கிறது. பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 4 சதவீதம் குறைவதாக 2002-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. சினைப்பைப் புற்றுநோய், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் குறைகிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், 6 மாதம்வரை தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவுடன் 2 வயதுவரையோ அதற்கு மேலுமோ என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் எங்கே நிற்கிறோம்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான். 6 மாதத்துக்குட்பட்டவர்களில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 63.7 சதவீதம்.

இந்தக் குறைக்குத் தாயைக் குற்றம் சொல்வது அநியாயம். குழந்தையை மார்போடு சரியாகப் பொருத்திக் காட்ட ஒரு செவிலியர், ‘பால் பத்தலை’ என்று பயமுறுத்தாத மாமியார், பால் கொடுக்க நேரம் இவை அவளுக்குத் தேவை. 2017 முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கட்டாயம். ஆனால் மைசூருவில் வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு ஊதுபத்தி உருட்டும் பெண்ணுக்கு இந்த விடுப்பு எட்டுவதில்லை. உருட்டிய எண்ணிக்கைக்குத்தான் அவளுக்குக் கூலி. பால் கொடுக்க எழுந்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து அவளுக்கு உதவித்தொகை கிடைக்க வழிசெய்வது அரசின் பொறுப்பு.