தெர்மாகோல் மலை, டியோடரன்ட் டாங்கி!

மேஜைமேல் ஒரு போர்க்களம். சுமார் 28 மில்லிமீட்டர் உயர வீரர்கள், இடிந்த கோட்டை, பாறைகள். பகடை உருட்டி ஆடும் இந்தப் போர் விளையாட்டுக்கு பிரிட்டனில் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. பொம்மை வீரர்களின் விலைதான் கையைக் கடிக்கும். கோட்டையோ குப்பைக்கூடையிலிருந்தே வந்துவிடும்!

இது பழைய பழக்கம்தான். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று இந்த விளையாட்டுக்குப் புத்தகமே எழுதினார் ஹெச்.ஜி.வெல்ஸ். அவரது ஆரம்ப ஆட்டங்களில் கலைக்களஞ்சியத் தொகுதிகள்தான் நிலப்பரப்பு. 1980-களில் 'வொயிட் ட்வார்ஃப்' பத்திரிகை, காலி டியோடரன்ட் டப்பாவில் பறக்கும் டாங்கி செய்யச் சொல்லிக்கொடுத்தது.

புதிதாக இறங்குபவர்கள் கண்ணீர் விடும் இடம் ஒன்று உண்டு. தெர்மாகோலைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி, ஆசையாக ஸ்பிரே பெயின்ட் அடிப்பார்கள். கண்ணெதிரிலேயே பாறை குழிகுழியாகக் கரைந்துபோகும். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பானின் வேலை அது. எனவே, முதலில் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டில் ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையைக் கலந்து, இண்டு இடுக்கு விடாமல் பூசுங்கள். காய்ந்ததும், பிரஷ்ஷில் சாம்பல் நிறத்தைத் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாக உரசுங்கள். பள்ளம் கறுப்பாகவே நிற்க, அசல் கல் தோற்றுவிடும்.

இதற்கெல்லாம் தேய்ந்த பிரஷ் போதும். வீரனின் முகத்துக்கு மட்டும் நுனி கூரான நல்ல பிரஷ் வாங்கிவிடுங்கள். அங்கே கஞ்சத்தனம் பார்த்தால், கண் வரைகிற இடத்தில் மீசை முளைக்கும்!