கேடயத்தில் பதிந்த வரலாறு

அரசாங்க இலாகாவிலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பிலும் கடப்பிதழின் மேலட்டையிலும் மலேசிய அரசின் இலச்சினை பொறிக்கப்பட்டிருக்கிறது. இரு புலிகள் தாங்கி நிற்கும் கேடயம், அதன்மேல் பிறையும் விண்மீனும், கீழே மலாய் மொழியில் குறிக்கோள் எழுதிய நாடா. பலர் நினைவில் நிற்பது இவ்வளவே. புலி வலிமையைக் குறிக்கும், குத்துவாள் வீரத்தைக் குறிக்கும் என்று மாணவர்க்குப் பொருள் கூறி முடித்துவிடுவதும் உண்டு. அது தவறன்று, ஆயினும் கேடயம் கூறும் செய்தியில் அது மிகச் சிறு பகுதியே ஆகும்.

பல ஆட்சிகளின் அடையாளங்களை ஒரே முத்திரையில் கூட்டி வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்தான். அதனைக் கூறும் லெய்டன் செப்பேடுகளின் வளையத்தில் சோழர் முத்திரை உண்டு. அமர்ந்த புலியோடு பாண்டியர் கயலும் சேரர் வில்லும் அதில் இடம்பெறுகின்றன. அக்கயலும் வில்லும் அடங்கிய நாடுகளின் அடையாளங்கள். மலேசியக் கேடயத்தில் உள்ளவையோ கூட்டரசின் உறுப்புகள். ஒன்று மற்றொன்றுக்கு அடங்கியதன்று.

அவ்வாறாயின் அவை எம்முறையில் அடுக்கப்பட்டுள்ளன? இங்குதான் கருத்தூன்றிப் பார்த்தல் வேண்டும்.

மேல்வரிசையில் கிரிஸ் என்னும் மலாய்க் குத்துவாள் ஐந்து உள்ளன. அவை ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரங்கானு ஆகிய ஐந்தையும் குறிப்பவை. நடுவே சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என நான்கு நிறங்கள். அவை சிலாங்கூர், பேராக், பகாங், நெகிரி செம்பிலான் ஆகிய நான்கின் கொடிகளில் காணும் நிறங்கள். இந்த ஐந்தும் நான்கும் ஏன் பிரிந்து நிற்கின்றன? பின்னவை நான்கும் 1895ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் பாதுகாப்பில் ஒன்றிணைந்த மலாய் அரசுகள். முன்னவை ஐந்தும் அக்கூட்டில் சேராதவை. அவற்றுள் வடக்கே உள்ள நான்கும் 1909இல்தான் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயின. நடுவரிசையின் இரு பக்கங்களிலும் நிற்கும் பினாங்கும் மலாக்காவுமோ சுல்தான்கள் இல்லாத நீரிணைக் குடியேற்றங்கள். இப்பிரிவினை 1946இல் மலாயன் யூனியன் அமைந்தபோதே ஆட்சி அளவில் ஒழிந்துவிட்டது. எனினும் 1952இல் மலாயாக் கூட்டரசுக்கென இலச்சினை வகுத்தவர்கள் அதனையே அடிப்படையாகக் கொண்டனர்.

இதனால் விளைந்த விந்தை ஒன்றுண்டு. ஐந்து வாள்களும் ஒன்றுபோல் இருப்பதால், ஜொகூர் மாணவன் தன் மாநிலத்துக்குரிய வாள் எதுவென்று சுட்டிக் காட்ட இயலாது. பேராக் மாணவனுக்கோ தனக்கென ஒரு நிறமும் இல்லை. பழம்பெரும் சுல்தானகங்கள் இவ்வாறு தொகுதியாய் நிற்க, சுல்தான் இல்லாத பினாங்குக்கும் மலாக்காவுக்கும் தனித்தனி ஓவியம் வாய்த்துள்ளது. பினாங்குக்குக் கமுகு மரம். ‘பினாங்’ என்னும் மலாய்ச் சொல் பாக்கையே குறிக்கும். அதனோடு 1985இல் திறக்கப்பட்ட பாலமும் பின்னர் இடம்பெற்றது. மலாக்காவுக்கு மலாக்கா மரம். அது வேறொன்றும் அன்று, நம் நெல்லியே. ஆசிரியர்கள் இதைச் சொன்னால் பிள்ளைகள் எளிதில் மறவார்.

1963இல் மலேசியா அமைந்தபோது கேடயத்தின் அடிப்பகுதி மூன்றாகப் பகுக்கப்பட்டு சபா, சிங்கப்பூர், சரவாக் ஆகியவற்றுக்கு அளிக்கப்பட்டது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. நடுவிடம் வெறுமையாய்க் கிடத்தல் ஆகாது. சபாவையும் சரவாக்கையும் அகலமாக்கி அதனை மறைத்திருக்கவும் கூடும். அவ்வாறு செய்யாமல், 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியை அங்கே வைத்தனர். கேடயத்தில் எந்த மாநிலத்துக்கும் உரியதல்லாத உறுப்பு அது ஒன்றே. மற்றவற்றைப் பொருள் கூறி விளக்குவோர் இம்மலரை ‘நாட்டின் மலர்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுதல் குறையே. அது அங்கே வந்த காரணத்தையும் சொல்லவேண்டும். விண்மீனின் கதிர்களிலும் இதே வரலாறு உண்டு. பதினொன்றாய் இருந்தவை 1963இல் பதினான்காயின. ஒரு மாநிலம் பிரிந்த பின்னும் அவ்வெண் குறைக்கப்படவில்லை. பதினான்காவது கதிர் இன்று கூட்டரசைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது.

பிரிந்து சென்ற சிங்கப்பூரின் இலச்சினையிலும் இவ்வுறவின் சுவடு உண்டு. 1959 டிசம்பர் 3ஆம் நாள் அறிமுகமான அவ்விலச்சினையில் கேடயத்தை ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் புலியும் தாங்குகின்றன. சிங்கம் சிங்கப்பூரையும், புலி மலாயாவோடு அதற்கிருந்த தொடர்பையும் குறிக்கும். 1965க்குப் பின்னரும் அந்தப் புலியை எவரும் அகற்றவில்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழின் மேலட்டையில் அது இன்றும் சிங்கத்துக்கு எதிரே நிற்கிறது.